ஸ்லாட்டின் நீளத்தை நம்பி வாங்காதீர்கள்

உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் போய்வருபவர்களுக்குத் தெரியும்: நான்கு வழியாக வரும் சாலை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம் புறவழிகளில் பல ஆண்டுகள் இருவழியாகச் சுருங்கியே கிடந்தது. ஜிபியு சர்வர்களின் மதர்போர்டிலும் இதுபோன்ற சுருக்கம் உண்டு. ஜிபியு கார்டைச் செருகும் ஸ்லாட் 16 லேன் (தரவு ஓடும் தடம்) நீளத்துக்கு இருக்கும். உள்ளே நான்கு லேனுக்கு மட்டுமே இணைப்பு ஓடும். டெண்டரில் ‘16 லேன் ஸ்லாட் இரண்டு’ என்று மட்டும் எழுதினால், வந்திறங்கிய பெட்டியைக் குறை சொல்ல வழியில்லை.

முதலில் அளவுகள். இந்த ஸ்லாட்டுகளின் இணைப்பு முறையான பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன், ஒரு திசையில், நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி கடத்தும். நான்காம் தலைமுறையில் அது இரட்டிப்பு. ஐந்தாவதில் மீண்டும் இரட்டிப்பு. ஆகவே நான்காம் தலைமுறையின் 16 லேன் சுமார் 31.5 ஜிபி, மூன்றாம் தலைமுறையின் 4 லேன் சுமார் 3.9 ஜிபி. எட்டு மடங்கு வித்தியாசம். ஆனால் வேலையும் எட்டு மடங்கு மந்தமாகும் என்று முடிவுகட்டுவது தவறு.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் எடுத்த மார்பு எக்ஸ்ரே, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்து, அங்கே ஒரு ஜிபியு அதைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். படம் 15 எம்பி. நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் மலையிலிருந்து இறங்க 12 நொடி. மூன்றாம் தலைமுறையின் வெறும் 4 லேனில் கார்டுக்குள் நுழைய அது எடுத்துக்கொள்வது 4 மில்லிநொடி. இங்கே லேனுக்குச் செலவிடும் பணம் வீண். மாடல் முழுதும் கார்டின் நினைவகத்தில் அடங்கிவிட்டால், லேன் குறைவது பெரும்பாலும் தெரியவே தெரியாது. தொடக்கத்தில் 14 ஜிபி மாடலை ஏற்றும்போதுகூட 4 லேனுக்கு 4 நொடிதான். சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து அதைப் படிக்கவே 25 நொடி ஆகும்.

கதை மாறுவது மூன்று இடங்களில். ஒன்று, மொழி மாடல் கார்டில் அடங்காமல் பாதி ராமில் தங்கும்போது. ஒவ்வொரு சொல்துண்டுக்கும் 7 ஜிபி ராமிலிருந்து கார்டுக்குப் போகவேண்டியிருந்தால், நான்காம் தலைமுறையின் 16 லேனில் கால் நொடிக்கும் குறைவு. மூன்றாம் தலைமுறையின் 4 லேனில் 1.8 நொடி. இரண்டு, இரு கார்டுகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும்போது. நூறு கோடி அளவுருக்கள் கொண்ட மாடலில், எண்ணுக்கு இரண்டு பைட் என்றால், ஒவ்வொரு படியிலும் 2 ஜிபி சரிவுமதிப்புகளை (கிரேடியன்ட்) கார்டுகள் பரிமாறவேண்டும்: அதே 16 லேனில் 0.06 நொடி, அதே 4 லேனில் அரை நொடி. சிறு அடாப்டரை மட்டும் பயிற்றும் லோரா முறையில் இந்தச் சுமை பெரிதும் குறைந்துவிடும். மூன்று, படங்களை வெள்ளமாக ஊட்டும்போது. இதில் லேனைவிட மென்பொருளே குற்றவாளியாக இருப்பதுண்டு. படத்தை சிபியுவில் 32 பிட் மிதவை எண்ணாக மாற்றி அனுப்பாமல், 8 பிட்டாகவே அனுப்பி கார்டில் மாற்றினால் சுமை நாலில் ஒன்றாகும்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயத்தின் சுரங்கவேலை நின்றபின் பழைய ஜிபியுக்கள் சந்தைக்கு வந்தன. அந்தச் சுரங்க இயந்திரங்களில் (ரிக்) கார்டுகள் ஒற்றை லேன் ரைசரில் ஓடின. அந்த வேலைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. அந்த ரிக்கை அப்படியே பயிற்சிக்கு வைத்தால் ஜிபியு காத்துக்கிடக்கும். கார்டில் கோளாறு இல்லை, வேலைதான் மாறிவிட்டது.

லேன் கணக்கை ஜிபியுவோடு நிறுத்தவும் கூடாது. நான்கு கார்டுக்கு 64, 200 கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு 16, நான்கு என்விஎம்இ டிஸ்க்குக்கு 16: மொத்தம் 96. ஒற்றை சாக்கெட் எபிக் சிபியு 128 லேன் தருவதால் இது அடங்கும். 2021இல் வந்த ஐஸ் லேக் சியான் சிபியுவில் சாக்கெட்டுக்கு 64தான். இரண்டு சாக்கெட் வேண்டும். அப்போது ஒரு சாக்கெட்டின் கார்டு மறு சாக்கெட்டின் ராமைத் தேடிப் போகும் தாமதமும் சேரும். சாதாரண டெஸ்க்டாப் சிபியுவில் ஜிபியுவுக்கென்று 16 லேன்தான் கிடைக்கும்.

ஆகவே நம் பரிந்துரை இது. டெண்டரில் ஸ்லாட்டின் நீளத்தை எழுதாதீர்கள். எல்லா ஸ்லாட்டும் நிரம்பியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எத்தனை லேன், எந்தத் தலைமுறை, சிபியுவிலிருந்தா சிப்செட் வழியாகவா என்று எழுதுங்கள். பெட்டி வந்ததும், ஜிபியுவுக்கு முழு வேலை கொடுத்தபடியே இணைப்பின் நிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும் கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைத் தானே குறைத்துக்காட்டும். முழு வேலையில் தெரியும் லேன் எண்ணிக்கையையும் தலைமுறையையும் ஏற்புச் சான்றில் சேர்த்துவிடுங்கள். இதையெல்லாம் எழுதுமுன், உங்கள் வேலையில் ஒரு நொடிக்கு எத்தனை ஜிபி ஸ்லாட்டைக் கடக்கிறது என்று அளந்துவிடுங்கள். கடப்பது கொஞ்சம்தான் என்றால், லேனுக்கு வைத்த பணத்தில் கூடுதல் நினைவகமுள்ள கார்டை வாங்குவதே மேல்.