வெட்டிய புல் வீணல்ல!

மழைக்காலம் ஓய்ந்ததும் முற்றத்தில் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும் புல்லை ஆள் வைத்து வெட்டுகிறோம். வெட்டியதைத் தெருவோரம் கொட்டுகிறோம்; அல்லது காய்ந்தபின் தீ வைக்கிறோம். பிறகு செடிகளுக்கு உரம் வேண்டுமெனக் கடைக்குச் சென்று காசு கொடுக்கிறோம். வீட்டிலிருந்த செல்வத்தை வீதியில் எறிந்துவிட்டு, விலை கொடுத்து உரம் வாங்குவது அறிவுடைமை ஆகுமா?

"குவித்துப் பார்த்தோம், நாற்றமே மிஞ்சியது" எனச் சிலர் கூறக்கூடும். அந்த அனுபவம் எனக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பசும்புல்லை மட்டும் குழியில் இட்டு, மிதித்து அமுக்கி மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால், கொழகொழவென்ற பச்சைக் குழம்பு! அடுத்த வீட்டுப் பெரியவர் வேலியருகே வந்து, "தம்பி, இது உரக்குழியா, சாக்கடையா?" என்றார். தலைகுனிந்து நின்றேன்.

பிழை புல்லில் இல்லை; என் முறையில் இருந்தது. பசும்புல்லில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அமுக்கினால் ஒட்டிப் படிந்து காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத புல் முறையாக மக்காது, அழுகும். மேலும், மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து வேண்டும். பசும்புல்லில் தழைச்சத்து மிகுதி. உலர்ந்த சருகில் கரிச்சத்து மிகுதி. இரண்டையும் கலப்பதே இதன் இரகசியம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1931இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 'இந்தூர் முறை'யும் இவ்வாறு பலவகைக் கழிவுகளைக் கலந்து, காற்றுப் புகக் கிளறுவதேயாகும்.

செய்முறை எளிது. புல்லை ஒரு நாள் வெயிலில் வாட்டுங்கள். தரையில் சுள்ளிகளைப் பரப்பி, ஒரு கூடைப் புல்லுக்கு இரண்டு கூடைச் சருகு எனக் கலந்து, மூன்றடி உயரம் குவியுங்கள். இடையிடையே சாணக் கரைசல் தெளிப்பது நன்று. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். உலர்ந்திருந்தால் நீர் தெளியுங்கள். சில நாட்களில் உள்ளே சூடேறும், அஞ்ச வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், மூன்று நான்கு மாதங்களில் கறுத்து, மண்வாசனையோடு உதிரும்.

கோரைக்கிழங்கு, அறுகின் வேர்த்தண்டு, விதை பிடித்த புல் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள்; அவை பிழைத்துக்கொண்டு தோட்டத்தில் மீண்டும் முளைக்கக்கூடும். களைக்கொல்லி தெளித்த புல்லும் ஆகாது. அரைகுறையாக மக்கியதை மண்ணில் கலந்தால், செடிக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். பொறுமை தேவை! தொட்டிக்கு மூன்று பங்கு மண்ணுடன் ஒரு பங்கு உரம் கலக்கலாம். மரத்துக்கு, அடித்தண்டைத் தொடாமல் சுற்றிலும் இரண்டு அங்குலம் பரப்பினால் போதும்.

மறு ஆண்டு, அதே பெரியவர் வேலியருகே மீண்டும் வந்தார். கையில் வெறுங்கூடை! "தம்பி, என் முருங்கைக்கும் கொஞ்சம்..." என்றார். கூடையை நிரப்பிக் கொடுத்தேன். அவர் வீட்டுச் சருகெல்லாம் இப்போது என் குவியலுக்கு வருகிறது.