ஊனுண்ணும் செடியும் எங்கள் கிணற்றுநீரும்

எங்கள் பளைக் கிணற்றுநீரைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. அந்நீரைப் பருகியே வளர்ந்தவன் யான். கேத்திலின் உட்புறத்தில் அது வெண்படையாகப் படிந்து கிடப்பதையும் பிள்ளைப் பருவந்தொட்டே கண்டுவந்திருக்கிறேன். ஆயினும், சென்ற ஆண்டு ஒரு சின்னஞ்சிறு செடி மாண்ட பழியில் அந்நீருக்கும் என் கைகளுக்கும் சமபங்கு உண்டென்பதை ஒப்புக்கொண்டே இதனை எழுதத் தொடங்குகிறேன்.

செடியின் பெயர் பிங்குயிகுலா. ஆங்கிலேயர் பட்டர்வோட் என்பர். இலத்தீனில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நெய் தடவினாற்போல் இலை மினுங்குவதே காரணம். தமிழில் வழங்கும் பெயர் இல்லாமையால் 'நெய்யிலைப் பூண்டு' என்று யானே அழைத்துவருகிறேன். இதனினும் நல்ல பெயரை எவரேனும் தந்தால் மகிழ்ந்து ஏற்பேன். உலகில் ஏறத்தாழ 100 இனங்கள் உள. அவற்றிற் பாதியளவு மெக்சிக்கோவையும் அதன் அயலையும் சார்ந்தவை. அம்மெக்சிக்கோ இனங்களுள் ஒன்றைத்தான் கொழும்பிற் கற்கும் என் பெறாமகன் ஒரு சிறு சாடியிற் கொண்டுவந்து தந்தான். "பெரியப்பா, இது பூச்சி தின்னும்" என்றான். வீட்டார் அனைவரும் ஓடிவந்து பார்த்தனர். நிலத்தோடு ஒட்டிய சில இலைகளைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பெற்ற செடியை உபசரிக்காமல் இருப்பது எங்கள் வழக்கமன்று. காலையும் மாலையும் கிணற்றுநீர் வார்த்தேன். ஆட்டெருவைக் கரைத்து ஊற்றினேன். பூச்சி தின்பதற்குப் புலால் தந்தால் என்னவென்று நெத்தலித் துணுக்கொன்றை இலைமேல் வைத்தேன். மூன்றாம் நாள் அவ்விலை அழுகிற்று. மூன்றாம் வாரத்திற் செடியே அழுகிற்று.

பின்னரே நூல்களைப் புரட்டினேன். புரட்டியபின் வெட்கமே மிஞ்சிற்று. இச்செடி ஊனுண்பது கொடுமையாலன்று, வறுமையால். நைதரசன் முதலிய உணவுச் சத்து அரிதாகிய பாறையிடுக்கிலும் சேற்றுநிலத்திலும் பிறந்து, வேர் தேடித் தராததை இலை தேடிக்கொள்கிறது. இலைமேல் இருவகைச் சுரப்பிகள் உள. காம்புடைய சுரப்பிகள் பசையைச் சுரந்து கொசு போன்ற சிறு பூச்சிகளைப் பிடிக்கும். காம்பிலாதவை சமிபாட்டு நீரைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சும். டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதற்குத் தனி அதிகாரமே ஒதுக்கி, இலையின் ஓரம் இரையை நோக்கி மெல்ல உட்சுருளுவதை விவரித்தார். வடதுருவத்தை அடுத்த லாப்லாந்து மக்கள் இவ்விலையின்மேற் பாலை வார்த்து உறைய வைப்பர் என்று லினேயஸ் எழுதியிருக்கிறார். உறைமோர் இல்லாத ஊரில் இலையே உறையாயிற்றுப் போலும்!

வறுமைக்குப் பழகிய உயிருக்குப் பெருஞ்சோறு நஞ்சு. எருவும் கனியுப்பு மிகுந்த நீரும் இதன் வேருக்கு ஆகா. மெக்சிக்கோ இனங்கள் சில சுண்ணப் பாறையில் வளர்வன. ஆகவே சுண்ணாம்பு ஒன்றே கொன்றதென்று யான் சாதிக்கமாட்டேன். கொன்றது என் உபசாரம் முழுவதுமே.

இரண்டாவது செடிக்கு மழைநீரையே வார்க்கிறேன். கார்த்திகையிற் கூரைநீரைப் பிடித்து மூடிவைத்தால் சித்திரை வரை காணும். பளையிற் குறைவின்றிக் கிடைக்கும் தும்புத்தூளை, அதிலுள்ள உப்பு நீங்கப் பலமுறை அந்நீரிலேயே அலசி, பருமணலோடு கலந்து சாடியை நிரப்பினேன். எரு இல்லை, நெத்தலி இல்லை. விறாந்தையிற் கீழ்த்திசை வெளிச்சம் படும் இடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மலைநாட்டுக் குளிரிரவுக்கு உரிய செடியாதலால் எங்கள் பங்குனி வெக்கையில் வாடிச் சிறுக்கின்றது, ஆனாற் சாகவில்லை. அடியிலிருந்து பிடுங்கி ஈரமணலில் வைத்த ஓர் இலையின் முனையிற் குஞ்சுச் செடியும் முளைத்திருக்கிறது.

இத்தனையும் சொன்னது செடி வளர்ப்போர்க்கு வழிகாட்ட மாத்திரமன்று. எம் பாடசாலைகளிற் பூச்சியுண்ணும் தாவரம் என்றவுடன் கெண்டிச் செடியின் படத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். அது இலங்கைக்கே உரிய செடிதான்; எனினும் தென்மேற்கு ஈரவலயத்தில் வாழ்வது, எம் மாணாக்கர் காணாதது. பரீட்சைக்கு அது போதும். பளையிலிருந்து ஆனையிறவைக் கடந்து முல்லைத்தீவுப் பக்கம் சென்றால், மாரிநீர் வடியும் வெண்மணல் தரவையிலே நாணயக் குற்றியளவிற் சிவந்து கிடக்கும் பூண்டை யான் கண்டிருக்கிறேன். துரொசெரா பர்மானி என்பது அதன் பெயர்; 1737-இல் 'தெசோரஸ் செய்லானிக்கஸ்' என்ற இலங்கைத் தாவர நூலை வெளியிட்ட ஒல்லாந்தர் பர்மனின் நினைவாக இட்டது. இலையோரத்து முனைகள் சில விநாடிகளில் மடங்கி எறும்பைப் பிடிக்கின்றன. நெய்யிலைப் பூண்டு இதற்குமுன் நத்தை. சித்தர் கூறும் அழுகண்ணி இவ்வினத்ததே என்போர் உளர். உவர்நிலத்துப் பூண்டொன்றைச் சுட்டுவோரும் உளர். அவ்வழக்கைப் புலவர்க்கு விடுகிறேன்.

அழுகண்ணி என்றவுடன் எம் பிள்ளைகளின் காதில் 'கண்ணி' மட்டுமே விழும். 2009-இற் போர் முடிந்தபின்னரும் முகமாலைப் பக்கத்திற் கண்ணிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்கில் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறினர். பாதையை விட்டு இறங்காதே என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையை வளர்த்தோம், சொன்னது சரிதான். ஆனால் காலடியில் முளைப்பதை அறியாதவராகவும் அவர்களை வளர்த்துவிட்டோம். இன்று ஆபத்தில்லையென்று உரியவர் உறுதிசெய்த தரவைக்குக்கூட மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் அரியர். அத்தரவைகளோ மண் அள்ளுவோருக்கும் காணி நிரப்புவோருக்கும் வெற்றுநிலமாகவே தோன்றுகின்றன. பெயர் தெரியாத பூண்டுக்காக யார் வழக்குரைப்பர்?

செடியைத் தோண்டிவந்து வகுப்பறையில் வைக்கலாமே என்றார் நண்பரொருவர். வேண்டாம். ஓராண்டே வாழும் பூண்டு அது; விதை உதிர்க்குமுன் பிடுங்கினால் அடுத்த மாரியில் அவ்விடம் வெறுமையாகும். வகுப்பறைச் சாடிக்கு நெய்யிலைப் பூண்டே போதும். தரவைப் பூண்டைக் குனிந்து பார்த்துவிட்டு வரட்டும்.

அயற் பாடசாலை ஆசிரியை ஒருவர் சென்ற கிழமை வந்து ஓர் இலை கேட்டார். இலையோடு ஒரு போத்தல் மழைநீரும் கொடுத்தனுப்பினேன். எரு என்ன போடுவது என்று படலையடியில் நின்று கேட்டார்.