அந்த வாளை கிரைண்டரில் கொடுக்காதீங்க

யூட்யூபில் அந்த வகை வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த ஒரு பழைய வாள் வரும். பேச்சே இருக்காது. கிரைண்டர் ஓடும், பொறி பறக்கும், பஃப்பிங் சக்கரத்தில் காட்டுவார்கள், பத்தாவது நிமிடத்தில் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். கீழே கூட்டமாக வந்து 'சாட்டிஸ்ஃபையிங்' என்று எழுதுவார்கள். எனக்கு வயிறு எரியும். மீட்பு என்ற பெயரில் அங்கே நடப்பது அழிப்பு.

இந்த வியாதி இப்போது எங்கள் சொந்தபந்தத்துக்குள்ளும் வந்துவிட்டது. சின்னாளப்பட்டியில் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் பழைய வாள் ஒன்று இருக்கிறது. சிவராத்திரிக் கும்பிடுக்கு முன்னால் அதைப் பட்டறையில் கொடுத்து 'புதுசு மாதிரி' ஆக்கிவிடலாம் என்று சித்தப்பா பையன் வாட்ஸ்அப் குழுவில் போட, வரிசையாக தம்ஸ் அப். நான் மட்டும் வேண்டாம் என்றேன். கஞ்சன் என்று பெயர் கிடைத்தது. காசு இங்கே பிரச்சினையே இல்லை.

பழைய வாளுக்கு மெருகு போடலாமா என்ற கேள்வியை ஆழமாக யோசித்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே வாள் மெருகிடுவது தனித்தொழில். கற்றுத் தேறவே பல வருடங்கள் ஆகும். சொரசொரப்பான கல்லில் தொடங்கி மிக நைசான கல்வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டு, கையாலேயே நாள்கணக்கில் தேய்ப்பார்கள். கூலி அங்குலக் கணக்கு. அமெரிக்காவில் அங்குலத்துக்கு நூறு டாலரைத் தாண்டும். அதனால் வாளைக் கையில் எடுத்ததும் அவர்கள் கேட்பது, 'இதற்கு மெருகு தகுமா?' என்பதுதான்.

அதற்கு அவர்களிடம் தெளிவான கணக்கு உண்டு. வெட்டுவாய்க்குக் குறுக்கே மயிரிழை விரிசல் ஓடினால் (இதை 'ஹகிரே' என்பார்கள்) பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. ஏற்கனவே பலமுறை மெருகு கண்டு, மேல்தோல் எஃகு தேய்ந்து உள்ளே இருக்கும் மிருதுவான எஃகு எட்டிப்பார்த்தால், இன்னொரு மெருகை அந்த வாள் தாங்காது. இரண்டாம் உலகப் போருக்காக மொத்தமாக அடித்து, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றிய ராணுவ வாள் என்றால், மெருகுக் கூலி வாளின் விலையையே தாண்டிவிடும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியின் துருவை யாரும் தொடவே கூடாது. வயதைச் சொல்வது அந்தத் துரு; கொல்லன் தன் பெயரை வெட்டிய வாள் என்றால் பெயர் இருப்பதும் அங்கேதான். சந்தேகம் வந்தால் ஒரு சின்ன இடத்தை மட்டும் மெருகிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயரே 'ஜன்னல்'.

இத்தனை தயக்கம் ஏன்? ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் எஃகைத் தின்கிறது. என் தொழிலில் தப்பாக எழுதிய கோடை கிட்டில் ரிவர்ட் செய்துவிடலாம். எஃகுக்கு ரிவர்ட் கிடையாது. கிரைண்டரில் கொடுப்பது, பேக்கப் எடுக்காமல் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் டெலீட் அடிக்கிற மாதிரி.

"அண்ணே, இது என்ன ஜப்பான் வாளா?" என்றான் தம்பி. இல்லைதான். ஆனால் தென்னிந்தியாவின் பழைய வாள் என்றால் அது மூசையில் உருக்கிய எஃகாக இருக்க வாய்ப்பு உண்டு. கொடுமணல் அகழாய்வில் தடயம் கிடைத்த தொழில் அது. 1819-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஆராய்ந்து பார்த்த எஃகு அது. சரியாக மெருகிட்டு லேசாக அமிலம் தொட்டால், நீரோட்டம் போன்ற வரிகள் மேலெழும். கிரைண்டரின் சூடு வெட்டுவாயின் பதத்தை இறக்கும். பஃப்பிங் அந்த வரிகளை மழுப்பும். பிடியருகே தங்க வேலைப்பாடோ எழுத்தோ இருந்தால் ஒரே நிமிடத்தில் காலி. வெறும் நாட்டு இரும்பாகவும் இருக்கலாம். எது என்று பார்க்கவே பார்க்காமல் சக்கரத்தில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், 'டமாஸ்கஸ் வாளுக்கு எஃகு கொடுத்தவன் தமிழன்' என்ற ஃபார்வர்டு அதே குழுவில்தான் மாதாமாதம் வருகிறது. பெருமை ஃபார்வர்டில், வாள் கிரைண்டரில்!

1860-களில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது, பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தை உடைத்து, பழைய இரும்பு என்று விற்றார்கள். அது வெள்ளைக்காரன் ஆட்சி என்று நாம் கோபப்படுகிறோம். இன்று நம்மை யார் கட்டாயப்படுத்துகிறார்கள்?

"சாமி முன்னாடி துருவோடயா வைக்கிறது?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. கருப்பசாமிக்குப் புது அரிவாள் அடித்து நேர்த்திக்கடன் வைக்கிறோம். அது மின்னட்டும், மின்னத்தான் வேண்டும். பழைய வாள் அங்கே நிற்பது அதன் வயதுக்காக. நாம் நெசவு ஊர்க்காரர்கள். பாட்டியின் கல்யாணப் பட்டு மங்கிப்போச்சு என்று யாராவது பிளீச்சிங் பவுடரில் ஊறப்போடுவோமா?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெல்லிய பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு லேசாகத் துடையுங்கள். சிவப்புத் துரு பரவுவது மட்டுப்படும். பழுப்பேறிய கறுப்புப் படலத்தை விட்டுவிடுங்கள். உப்புத்தாள், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, நீளம் அகலம் குறித்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பாதுகாப்பதற்கென்றே 1930-களிலிருந்து ஆய்வகம் இருக்கிறது. உலோகம் அறிந்த ஒருவர் பார்த்து, மெருகு தகும் என்று சொன்னால், கற்றவர் கையில் கொடுங்கள். செலவில் என் பங்கை நானே முதலில் தருகிறேன்.

அதுவரை அவசரம் ஒன்றும் இல்லை. மெருகை ஐம்பது வருஷம் கழித்துக்கூடப் போடலாம். தேய்த்து எடுத்த எஃகை எந்தப் பட்டறையும் திருப்பி ஒட்டித் தராது.