பாசியில் நெகிழி: எங்கே காய்கிறது என்பதே கேள்வி

நெகிழி என்றதும் நாம் குப்பையைத்தான் பேசுகிறோம். புகையைப் பேசுவதில்லை. 2019-இல் உலகம் உண்டாக்கிய பசுங்குடில் வாயுவில் 3.4 சதவீதம், அதாவது 180 கோடி டன், நெகிழியால் வந்தது என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஈசிடி. அதில் 90 சதவீதம், எண்ணெய் எடுப்பதில் தொடங்கிப் பொருளாக வார்ப்பதற்குள்ளேயே வெளியேறிவிடுகிறது. பை குப்பைக்குப் போகுமுன்பே கேடு நடந்து முடிந்திருக்கும். ஆகவே மூலப்பொருளையே மாற்ற வேண்டும். மாற்று மூலப்பொருள்களில் ஒன்றான கடல்பாசி மன்னார் வளைகுடாவில் வளர்கிறது.

கடல்பாசிக்கு வயல் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரம் வேண்டாம். ராமநாதபுரம் கரையோரத்தில் மூங்கில் மிதவைகளில் கட்டிவிடும் கப்பாஃபைகஸ் பாசி ஏறக்குறைய 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. அதிலிருந்து காராகீனன் என்னும் கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தருகின்றன. கட்டக்கோரை ஆல்ஜினேட் தருகிறது. இவை மூன்றுமே மெல்லிய தாளாக வார்க்கக்கூடியவை. ஆல்ஜினேட் கால்சியம் உப்புக் கரைசலில் பட்டதும் இறுகிச் சவ்வாகிவிடும். லண்டனின் நாட்ப்ளா நிறுவனம் இப்படிச் செய்த உறைகளில் பானம் அடைத்து, 2019 லண்டன் மாரத்தானில் 30,000-க்கும் மேல் வழங்கியது. ஓடியவர்கள் அதை உறையோடே விழுங்கலாம்.

இதில் கார்பன் எப்படிக் குறைகிறது? பாசி வளரும்போது கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்பது உண்மை. ஆனால் உறை மக்கும்போது அது மீண்டும் காற்றுக்கே போகிறது. எண்ணெய் அப்படியல்ல. மண்ணுக்கடியில் பல கோடி ஆண்டுகளாக அடைபட்டிருந்த கார்பனை அது புதிதாக வெளியே கொண்டுவருகிறது. பாசியால் கிடைக்கும் லாபம், எண்ணெயைத் தோண்டாமல் விடுவதில் இருக்கிறது.

அந்த லாபத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஈரப் பாசியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை நிலக்கரி மின்சாரத்தில் உலர்த்தி, தொலைதூர ஆலைக்கு ஏற்றிச்சென்று, காரக் கரைசலில் கொதிக்கவைத்தால் மிச்சம் பிடித்த கார்பனில் பெரும்பங்கு அங்கேயே செலவாகிவிடும். ராமநாதபுரம் கரையில் உள்ள மண்டபத்திலும் பாம்பனிலும் வெயிலே இரண்டு மூன்று நாளில் பாசியைக் காயவைத்துக் கொடுக்கிறது. வேறு பல நாடுகளுக்கு வாய்க்காத வசதி இது. அங்கேயே சூரிய மின்சாரத்தில் ஓடும் ஆலை அமைந்தால் கணக்கு நேராகும். அதே மாவட்டத்தின் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் திட்டமிட்டிருக்கும் கடல்பாசிப் பூங்கா இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். கப்பாஃபைகஸ் நம் கடலின் பாசி அல்ல. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகள் மீது அது படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பவளப்பாறையைப் பலிகொடுத்து வாங்கும் பசுமை நமக்கு வேண்டாம்.

பாசித்தாள் எல்லா நெகிழிக்கும் மாற்றாகாது. நெடுநேரம் ஈரத்தில் இருந்தால் இளகும். தண்ணீர்க் குழாயோ வாளியோ அதில் செய்ய முடியாது. சாஸ் பொட்டலம், உணவுப் பெட்டியின் உட்பூச்சு போல ஒரு மணி நேரப் பயன்பாட்டுக்கு நூறாண்டு நெகிழியை வீணடிக்கும் இடங்களே அதன் களம். தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்திருக்கிறது. தடைக்குப் பின் மாற்றுப்பொருளும் வர வேண்டும். அரசு தன் கொள்முதலில் பாசித்தாளுக்கு இடம் கொடுக்கட்டும். முதல் ஆலை கடற்கரையிலேயே எழட்டும். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்காகக் கடலில் மூழ்கும் பெண்கள் அதில் கூலிகளாக அல்ல, பங்குதாரர்களாக இருக்க வேண்டும்.