மீட்டிங்கில் வாய் திறக்க இங்கிலீஷ் கோர்ஸ் மட்டும் போதுமா?

பேரையூரில் பஸ் ஏறி, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்கு வேலைக்குப் போகும் ஓர் இளைஞர். டீக்கடையில் அரை மணி நேரம் அசராமல் பேசுவார். ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி பகலாக வேலை பார்த்தது இவர். அதை எடுத்துச் சொன்னவருக்குப் பதவி உயர்வு. "நமக்குத்தான் இங்கிலீஷ் வரலையேப்பா" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

பிரச்சினை மொழி மட்டும்தானா?

இல்லை. அதே விஷயத்தைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொன்னாலும் பலர் திணறுவார்கள். இல்லாதது பழக்கம்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

திருமங்கலம் வட்டாரத்தின் சாத்தங்குடியில் 1936-ல் பிறந்தவர் சாலமன் பாப்பையா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மதுரைப் பேச்சை மாற்றிக்கொள்ளாமலேயே உலகத் தமிழர் வீடுகளுக்குள் போனார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் நடுவராக இருந்த மேடைகளில் வாதாடிய பாரதி பாஸ்கர், வங்கியில் உயர் பொறுப்பில் இருந்தவர். ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கும் மேடை வசப்படும்.

பட்டிமன்றம் என்ன கற்றுத்தருகிறது?

எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எதிரணி பேசியதைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மணி அடித்தால் முடிக்க வேண்டும். மனப்பாடம் செய்துவந்த பேச்சு அங்கே பாதியிலேயே கவிழ்ந்துவிடும். மீட்டிங்கும் அப்படித்தான்.

1924-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களிலும் இதுவே நடைமுறை. அந்த இடத்திலேயே தலைப்பு கொடுத்து, ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். எத்தனை முறை 'ஆ...', 'உம்...' வந்தது என்று எண்ண ஓர் ஆள் இருப்பார்.

எங்கே தொடங்குவது?

அன்றைய வேலையில் ஒரு விஷயத்தை எடுத்து, செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யலாம். முதலில் முடிவு, பிறகு காரணம், கடைசியில் என்ன உதவி வேண்டும் என்பது. கேட்டுப் பார்த்து, மறுபடி பேசலாம். தமிழில் கோவையாக வந்த பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கலாம். அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் போதும். கூச்சம் அங்கேதான் உடையும்.

நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. சரளமாகப் பேசுபவரை மட்டுமே கேட்கும் ஆபீஸ், வேலை தெரிந்தவரின் யோசனையை இழக்கிறது. "நீங்க தமிழ்லயே சொல்லுங்க" என்று மேனேஜர் சொல்ல ஒரு பைசா செலவில்லை.