பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால் அவற்றுக்கிடையிலான ஆகாயத் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணித்துத் தரும் இணையத்தளங்கள் பல இருக்கின்றன. பலாலியிலிருந்து சென்னைக்குச் சுமார் 355 கிலோமீற்றர். இரத்மலானைக்குச் சுமார் 330. திருச்சிக்கோ சுமார் 185 மட்டுமே. அதாவது, ஆகாயக் கணக்கில் யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சியே கிட்ட. கணக்கில் பிழையில்லை. ஆனால், எங்கள் மக்கள் நெடுங்காலமாக அந்தக் கணக்கின்படி பயணம் செய்யவில்லை.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுப் பலாலியில் இறங்கித்தான் சென்னை சென்றது. அது ஒரு டக்கோட்டா விமானம். பின்னர் வந்த போர்க்காலத்தில் பலாலி இராணுவத் தளமாகியது. சென்னைக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தவர் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியாகக் கொழும்புக்குச் சென்று, கட்டுநாயக்கவிலிருந்து மீண்டும் வடக்கே ஏறத்தாழ 645 கிலோமீற்றர் பறக்க வேண்டியதாயிற்று. 355 கிலோமீற்றருக்காக ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல்!

ஏ-9 வீதி மூடிக் கிடந்த காலங்களில் கொழும்புக்குப் போவதற்கே கப்பலையோ விமானத்தையோ நம்பியிருக்க நேர்ந்தது. இரத்மலானைக்குப் பறக்கும் நேரம் சுமார் ஒரு மணித்தியாலம்தான். பாதுகாப்பு அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களை எந்தக் கால அட்டவணையும் காட்டியதில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே மறைந்தது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அந்த ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றுபோன அச்சேவை, மீண்டும் தொடங்க 2022 டிசெம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, பயண நேரத்தைத் தீர்மானிப்பது விமானத்தின் வேகம் மட்டுமல்ல. அனுமதி, கட்டணம், ஓடுபாதையின் நீளம் ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானிக்கின்றன.

ஓடுபாதை நீள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பெரிய விமானங்கள் இறங்கினால் கூடுதலான பயணிகள் வரலாம். எங்கள் விவசாயிகளின் விளைபொருட்களும் வெளியே போகலாம். ஆனால், அந்த ஓடுபாதையைச் சூழவுள்ளவை 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் காணிகள். அவற்றில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியதற்காக உரிமையாளர்கள் இன்னமும் குரல் கொடுத்து வருகிறார்கள். அபிவிருத்தியின் பெயரால் அவர்கள் இரண்டாவது தடவையும் காணி இழப்பதை நியாயப்படுத்த முடியாது. தேவையான நிலம் எவ்வளவு என்பதை முதலில் பகிரங்கமாக அளந்து சொல்லட்டும். அதற்கு உரிமையாளரின் சம்மதமும் தகுந்த இழப்பீடும் கிடைக்கட்டும். மிகுதி திருப்பிக் கொடுக்கப்படட்டும்.

பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று இணையத்தளம் நொடியில் சொல்லிவிடுகிறது. அந்த ஓடுபாதைக்குப் பக்கத்திலிருக்கும் தன் வளவுக்குப் போய்ச் சேர ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் அதனிடம் விடையில்லை. சிலருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்தப் பயணம் முடியவில்லை.