க்வெண்டில் எனக்குப் பார்ட்னர் இல்லை

விட்சர் 3 விளையாடின யாரோட கதைச்சாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "கதைய விட்டுட்டு க்வெண்ட்தான் மச்சான் விளையாடிட்டிருந்தன்." நானும் அந்தக் கூட்டம்தான். வளர்ப்பு மகளைத் தேடி நாடு நாடாக அலைய வேண்டிய ஜெரால்ட், என் கையில் அகப்பட்டு, கொல்லர், வியாபாரி, படைத்தளபதி என்று கண்டவர்களிடமெல்லாம் "ஒரு ஆட்டம் போடுவமா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். பிள்ளை எங்கயோ ஆபத்தில் இருக்கு, இவர் காட்ஸ் சேர்க்கிறார்.

கேம் வந்தது 2015இல். எனக்கு அது கிடைத்தது மிகவும் பிந்தித்தான், பழைய லெப்டொப்பில், ஃபேன் ஹெலிகொப்டர் மாதிரிச் சத்தம் போட. அந்தப் போலந்துக் கம்பனிக்காரர்கள் செய்த வேலை கெட்டித்தனமானது என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் "உலகத்திலேயே சிறந்த காட்ஸ் கேம்" என்று நம்மட ஆக்கள் எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வருது. ஏன் என்று சொல்லுறன்.

முதலில் நல்லதைச் சொல்லுவம். க்வெண்டில் கையில் 10 காட்ஸ். தொடங்க முன் இரண்டை மாற்றலாம். மூன்று சுற்று, இரண்டை வென்றால் ஆட்டம் உங்களுக்கு. அடுத்த சுற்றுக்குப் புதுசா காட்ஸ் தரமாட்டாங்க. கையில் இருக்கிற பத்தோடதான் மூன்று சுற்றையும் சமாளிக்க வேணும். முழு விளையாட்டும் இந்த ஒரு விதியில்தான் நிற்குது. முதல் சுற்றில் ஆத்திரப்பட்டு ஏழு காட்ஸை இறக்கி வென்றவனுக்கு மிச்சம் மூன்றுதான். எதிராளி இரண்டை மட்டும் போட்டுவிட்டு "பாஸ்" சொல்லியிருந்தால் அவன் கையில் எட்டு. வென்றவன்தான் மாட்டுப்பட்டவன்.

தோற்க வேண்டிய சுற்றைத் தெரிஞ்சு தோற்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அதுக்குப் பிறகு உளவாளிக் காட்ஸ். அதை எதிராளியின் பக்கத்தில் போட வேணும். அதன் புள்ளி அவனுக்குப் போகும், உங்களுக்குப் பதிலாக இரண்டு காட்ஸ் கிடைக்கும். முதல் சுற்றைக் கைவிடுறதாக முடிவெடுத்த பிறகு அவனுக்குப் புள்ளி கொடுப்பதில் என்ன நட்டம்? உறைபனிக் காட்டைப் போட்டால் முன்வரிசைக்காரர் எல்லாருக்கும் பலம் ஒன்றாகிவிடும், நாயகக் காட்ஸுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. இதெல்லாம் ரசிக்கிற மாதிரித்தான் இருக்கு.

குறை எங்க எண்டால், காட்ஸ் சேரச் சேர ஆட்டம் செத்துப்போகுது. தொடக்கத்தில் கையில் குப்பைதான், ஒவ்வொரு வெற்றியும் கஷ்டப்பட்டு வருது. இருபது முப்பது மணித்தியாலம் போனதும் உளவாளிகள், நாயகர்கள் எல்லாரும் என் பக்கம். கம்பியூட்டரோ நான் பாஸ் சொல்லுவன் என்று யோசிக்காமல் முதல் சுற்றிலேயே கொட்டித் தீர்க்குது. காசு உள்ளவன் வெல்லுவான். அதை நான் கேமுக்கு வெளியிலயும் பார்க்கலாம்தானே.

இப்ப 304க்கு வாறன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தையில் எங்கட ஃபிளட் நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஏ.எல். படிக்க வெளிச்சமும் இல்லை. சித்தப்பா எங்கிருந்தோ ஒரு காட்ஸ் கூட்டத்தை எடுத்து, இரண்டு முதல் ஆறு வரை எல்லாத்தையும் பொறுக்கி எறிந்தார். மிச்சம் 32. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பக்கம், அண்ணாவும் நானும் மறுபக்கம்.

தெரியாதவங்களுக்கு: இதில் ராஜா, ராணிக்கு மரியாதை இல்லை. ஜாக்தான் பெரியவர், 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. ஏஸ் 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் சைபர். ஒரு இனத்துக்கு 76; நாலால் பெருக்கினால் 304. அதுதான் பெயர். முதலில் நாலு நாலு காட்ஸ், அதைப் பார்த்து 160இலிருந்து ஏலம். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து மேசையில் வைப்பார், அது என்ன இனம் என்று அவருடைய பார்ட்னருக்கே தெரியாது. அதுக்குப் பிறகுதான் மிச்ச நாலு. பார்ட்னரோடு கதைக்கவும் கூடாது, கண் காட்டவும் கூடாது.

கள்ளத்தனம் இல்லாமல் ஒருத்தரின் மனசை வாசிக்கிறது எப்படி என்று நான் படித்தது அந்த மெழுகுதிரி வெளிச்சத்தில்தான். அண்ணா ஒரு ஒன்பதைக் கொஞ்சம் தயங்கிப் போட்டார் என்றால் அவரிடம் அந்த ஜாக் இல்லை. இந்தத் தயக்கத்தை எந்தக் கேம் கம்பனியாலும் புரோகிராம் பண்ண ஏலாது.

இன்னொரு விசயம், இதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. விட்சர் கதைகளை எழுதிய ஸப்கோவ்ஸ்கியின் நாவலில் குள்ளர்கள் க்வெண்ட் ஆடுகிறார்கள். அது கேமில் வாற க்வெண்டே இல்லை. இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்து, சந்தையில் மாடு வாங்குகிற மாதிரிச் சத்தம் போட்டு ஏலம் கேட்டு, கூடக் கேட்ட சோடி பிடிகளை எடுக்கப் பார்க்க, மற்றச் சோடி தடுக்கிற ஆட்டம். வாசித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன். எங்கட வீட்டு மேசைதான்! கேம் செய்தவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சோடியைக் கழற்றிவிட்டார்கள். ஏன் என்றும் விளங்குது: தனியா இருக்கிறவனுக்குத்தானே கேம் விற்க வேணும்.

அடுத்த வருசமே அண்ணா கனடா போயிட்டார். எங்கட மாடியில் மட்டும் மூன்று வீட்டில் இந்தக் கதைதான். கொட்டாஞ்சேனையில் என்னோடு படித்த நாலு பேரில் இரண்டு பேர் இப்போது இங்கே இல்லை. 304 மூன்று பேரால் ஆடுகிற ஆட்டம் இல்லை. காட்ஸ் கூட்டம் லாச்சிக்குள் போனது. நான் க்வெண்டுக்குள் போனேன். வீடியோ கோலில் ஒருநாள் ஆடிப் பார்த்தோம். அண்ணாவின் காட்ஸை அம்மா பிடித்துக் கெமராவுக்குக் காட்ட, சித்தப்பா எட்டிப் பார்க்கிறார் என்று சண்டை வந்து அதோடு நின்றது.

அதனால் க்வெண்டை நல்லம் என்று சொல்லுங்க, நானும் சேர்ந்து சொல்லுறன். ஆனால் அதைத் தலையில் தூக்கி வைக்கிற அளவுக்கு, அப்பாமார் செத்த வீட்டில் விடிய விடிய ஆடின ஒன்றை "கிழவங்கட சூது" என்று ஒதுக்காதீங்க. ஒருக்கா நாலு பேரா இருந்து பாருங்க.

போன சனிக்கிழமை என் பட்ச்சில் படிக்கிற சிங்கள நண்பன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவனுக்கு ஓமி நல்லாத் தெரியும். அதிலும் 32 காட்ஸ்தான், சோடிதான், துரும்புதான். ஆனால் ஓமியில் ஏஸ்தான் பெரியவர். அண்ணாவின் கதிரையில் இருந்து முதல் ஆட்டத்திலேயே, பிடி அப்பாவின் கைக்குப் போகப்போகுது என்று தெரிஞ்சும், சின்னக் காட் என்று நினைத்து ஒரு ஜாக்கைக் கழித்தான். 30 புள்ளி போச்சு. நான் வாயைத் திறக்க முடியாமல் கூரையைப் பார்த்தேன். சித்தப்பா அவனுக்கு இன்னொரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார்.